பைய அக்கா, பைய

சட்டையில் குத்துகிற 58 மில்லிமீட்டர் பேட்ஜ் செய்ய 70 மில்லிமீட்டர் தாள் வட்டம் வெட்ட வேண்டும். இந்த ஒரு கணக்கு கைக்குப் பழக எனக்கு ஒரு முழு சனிக்கிழமையும் முப்பதுக்கு மேற்பட்ட தாள்களும் போயின. மிச்சமிருக்கிற 12 மில்லிமீட்டர், அதாவது சுற்றிலும் 6 மில்லிமீட்டர், தகட்டின் விளிம்பைத் தாண்டிப் பின்பக்கமாக மடங்கி உள்ளே போய்விடும். யார் கண்ணுக்கும் தெரியாது. ஆனால் அந்த 6 மில்லிமீட்டர்தான் பேட்ஜைப் பிடித்து வைத்திருக்கிறது. வட்டம் சின்னதாகப் போனால் தாள் விளிம்பு முன்பக்கமே எட்டிப் பார்க்கும், பெரிதாகப் போனால் பின்தகடு பூட்டாது.

நாங்கள் கொஞ்சம் பேர் சேர்ந்து வாடகையைப் பங்கிட்டு நடத்துகிற பட்டறை நாகர்கோவிலில் கோட்டாறு பக்கம் இருக்கிறது. முன்பு அரிசி மண்டியாக இருந்த கட்டடம், மழைக்காலத்தில் இன்றைக்கும் சாக்கு வாசம் வரும். மேக்கர்ஸ்பேஸ் என்று பொறியியல் படித்த பிள்ளைகள் சொல்வார்கள், மற்றவர்களுக்கு அது பட்டறை. ஒரு முப்பரிமாண அச்சுப்பொறி, மரம் அறுக்கிற மேசை ரம்பம், பற்றவைக்கிற மேசை, இரண்டு தையல் மெஷின். போன வருஷம் எல்லோரும் காசு போட்டு வாங்கிய பேட்ஜ் பிரஸ் ஜன்னலோரத்தில் இருக்கிறது. மாதச் சந்தா கட்டினால் எதையும் தொடலாம், ஆனால் முதல் தடவை தொடும்போது தெரிந்த ஒருவர் பக்கத்தில் நிற்க வேண்டும் என்பது சட்டம். எனக்குப் பக்கத்தில் நின்றவன் சாவி வைத்திருக்கிற தம்பி, பாலிடெக்னிக் முடித்துவிட்டு வேலை தேடிக்கொண்டிருப்பவன். மெஷின்களோடு அவன் பேசுகிற மாதிரி இருக்கும், அவ்வளவு பொறுமை.

நான் பத்து வருஷமாக டிடிபி வேலை செய்கிறேன். கல்யாணப் பத்திரிகை, கோவில் கொடை நோட்டீஸ், பள்ளிக்கூட ஆண்டு மலர். திரையில் வடிவமைப்பதும் அச்சகத்துக்கு அனுப்புவதும்தான் என் பாடு, செய்த பொருளைக் கையில் எடுத்துப் பார்ப்பது எப்போதாவது நடக்கும். அதனால்தானோ என்னவோ, அந்தச் சின்ன இரும்பு பிரஸ் என்னை இழுத்தது. தாளில் இருக்கிற எழுத்து கைப்பிடியை இரண்டு தடவை இறக்கினால் சட்டையில் குத்துகிற பொருளாகிவிடுகிறது.

எப்படி என்று சொல்லிவிடுகிறேன். ஒரு பேட்ஜில் நான்கு துண்டு. குவிந்த மேல்தகடு, அச்சடித்த தாள் வட்டம், அதன் மேல் மைலார் என்று சொல்லும் கண்ணாடி மாதிரியான பிளாஸ்டிக் படலம், ஊசி பூட்டிய பின்தகடு. பிரஸ்ஸில் மேலே டை என்கிற ஒரு இரும்பு அச்சு, கீழே இரண்டு குழி. முதல் குழியில் தகட்டை மேடு மேலே வரும்படி வைத்து, அதன் மேல் தாள், தாளின் மேல் படலம் என்று அடுக்கிக் கைப்பிடியை இறக்க வேண்டும். கைப்பிடி மேலே போகும்போது மூன்றும் மேல் டைக்குள் ஏறி உட்கார்ந்துகொள்ளும், குழி காலியாகத் தெரியும். முதல் தடவை பார்க்கிறவர்கள் எல்லாம் "எங்கே போச்சு?" என்று குனிந்து பார்ப்பார்கள். அப்புறம் இரண்டாவது குழியில் பின்தகட்டை ஊசி கீழே பார்க்க வைத்து, குழியை டைக்கு நேரே திருப்பி, மறுபடி இறக்க வேண்டும். இந்தத் தடவை டையின் உள்விளிம்பு தாளையும் படலத்தையும் சுருட்டி உள்ளே தள்ளி, மேல்தகட்டின் ஓரத்தைப் பின்தகட்டோடு சேர்த்து மடித்துவிடுகிறது. பசை கிடையாது, சூடு கிடையாது. வெறும் மடிப்பு.

இந்த மடிப்பு முறை புதுசு இல்லை. அமெரிக்காவில் நியூஜெர்சியின் நியூவார்க் நகரத்தில் இருந்த வைட்ஹெட் அண்ட் ஹோக் என்கிற கம்பெனி 1896இல் இதற்குக் காப்புரிமை வாங்கியது. அதே வருஷம் அங்கே மெக்கின்லிக்கும் பிரையனுக்கும் ஜனாதிபதித் தேர்தல், இரண்டு பக்கத்து ஆட்களும் தங்கள் வேட்பாளரின் முகத்தைச் சட்டையில் குத்திக்கொண்டு திரிந்தார்கள். அப்போது மேலே போர்த்தியது செல்லுலாய்ட், தீப்பொறி பட்டால் குபீரென்று பற்றுகிற சாமான். இப்போது பாலியெஸ்டர் படலம். மற்றபடி தகடு, தாள், படலம், மடிப்பு எல்லாம் அன்றைக்கு இருந்தபடியேதான் இருக்கிறது. கோட்டாறு அரிசி மண்டியில் நான் கைப்பிடியை இறக்கும்போது கையில் உணர்வது அந்தப் பழைய வித்தையைத்தான், அதை நினைத்தால் எனக்குச் சந்தோஷமாக இருக்கும்.

முதல் சனிக்கிழமை நான் செய்த தப்பு தாளில். பளபளப்பாக வரட்டுமே என்று 180 ஜிஎஸ்எம் போட்டோ பேப்பரில் அச்சடித்து எடுத்துப் போயிருந்தேன். ஜிஎஸ்எம் என்பது தாளின் கனத்தைச் சொல்கிற கணக்கு, 80இலிருந்து 100 வரைக்கும்தான் அந்த டைக்கு இதமாக இருக்கும். தடித்த தாள் மடங்க மாட்டேன் என்கிறது, இரண்டாவது இறக்கத்தில் கைப்பிடி பாதியிலேயே நின்றது. நான் எழும்பி நின்று உடம்பு எடையை எல்லாம் அதன் மேல் போட்டேன். கடக் என்று ஒரு சத்தம். தகடு மேல் டைக்குள் கோணலாகச் சிக்கிக்கொண்டது.

தம்பி ஓடி வந்தான். திட்டவில்லை. டையைக் கழற்றி, மேசையில் துணி விரித்து அதன் மேல் கவிழ்த்து, உள்வளையத்தைச் சுற்றி ஒரு மரக்குச்சியால் தட்டித் தட்டி அந்தத் தகட்டை வெளியே எடுத்தான். கால் மணி நேரம் ஆனது. இரும்புக் கம்பியால் குத்தியிருந்தால் டையின் உள்பக்கம் கீறல் விழுந்து, அப்புறம் வருகிற ஒவ்வொரு பேட்ஜிலும் அந்தக் கீறல் வந்திருக்கும் என்று சொன்னான். பிறகு சாதாரணத் தாளைக் கொடுத்து, என்னை மறுபடி உட்கார வைத்து, கைப்பிடி மேல் என் கையை வைக்கச் சொல்லிவிட்டு, "பைய அக்கா, பைய. பெலம் போடாண்டாம். அது தானா எறங்கும்" என்றான்.

பைய. அந்தச் சொல்லை ஒருவர் என்னிடம் சொல்லி எத்தனை வருஷம் ஆகியிருக்கும் என்று யோசித்துப் பார்த்தேன். வீட்டில் அம்மா சொல்வாள், சிறு வயதில் ஆயிரம் தடவை கேட்டிருக்கிறேன், "பைய போ மக்களே, வழுக்கும்." நான் அதை நிறுத்தியது சென்னையில்.

அது நடந்தது வேலைக்குப் போன முதல் மாதம். தங்கியிருந்த விடுதியில் மெஸ் அக்காவிடம் "கொஞ்சம் சோறு வெளம்புங்க" என்றேன். மேசையில் இருந்த ஐந்தாறு பேரும் சிரித்தார்கள். விளம்புவது என்றால் அறிவிப்பது என்றுதான் அவர்களுக்குத் தெரியும், எங்கள் ஊரில் இலையில் பரிமாறுவதற்கு அதுதான் சொல். அன்றைக்கு ராத்திரியே "நீ மலையாளியா?" என்ற கேள்வி வந்தது, அதற்கப்புறம் எண்ணிக்கை இல்லாமல் வந்தது. குமரி மாவட்டத்திலிருந்து சென்னைக்குப் போன எவரையும் கேட்டுப் பாருங்கள், இந்தக் கேள்வி அவர்களுக்கும் வந்திருக்கும். தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு தாலுகாவும் திருவிதாங்கூரோடு இருந்து, பெரிய போராட்டத்துக்குப் பிறகு 1956 நவம்பர் 1 அன்று தமிழ்நாட்டோடு சேர்ந்தவை. தமிழ் பேசுகிறோம் என்பதற்காகவே சேர்ந்தோம், அதற்காக உயிர் போனவர்கள் உண்டு. அப்படி வந்த ஊர்க்காரியிடம் நீ தமிழா என்று கேட்டால் எப்படி இருக்கும்? நான் பதில் சொல்லிச் சண்டை போடவில்லை. ஒவ்வொரு சொல்லாக மாற்றிக்கொண்டேன். எனக்க என்பது என்னோட ஆனது, சாயா டீ ஆனது, பைய மெதுவா ஆனது. ஏழு வருஷம். ஊருக்குத் திரும்பி வந்த பிறகும் அந்தச் சொற்கள் தானாகத் திரும்பி வரவில்லை, அம்மாவிடம் போனில் பேசும்போது மட்டும் ஒன்றிரண்டு வரும்.

அன்றைக்கு வீட்டுக்குப் போனதும் பழைய கோப்புகளை எல்லாம் மூடிவைத்துவிட்டு, மஞ்சள் வட்டத்தில் கறுப்பு எழுத்தில் 'பைய' என்று மட்டும் போட்டேன். வேறு படம் இல்லை, பூ இல்லை. அடுத்த சனிக்கிழமை ஒழுங்காக வந்த முதல் பேட்ஜ் அதுதான்.

யாராவது அது கொச்சைச் சொல் என்றால் கடற்கரைக்குக் கூட்டிப் போய் 133 அடி வள்ளுவரைக் காட்டிச் சொல்ல ஒரு விஷயம் என்னிடம் இருக்கிறது. குறிப்பறிதல் அதிகாரத்தில் 1098வது குறள் 'பைய நகும்' என்றுதான் முடிகிறது. நான் பார்க்கும்போது அவள் கனிந்து மெல்லச் சிரிக்கிறாள் என்கிற இடத்தில் அவர் எழுதிய சொல்லும், வழுக்குகிற படிக்கட்டில் எங்கள் அம்மா சொல்கிற சொல்லும் ஒன்று. பேட்ஜின் பின்பக்கம் குறள் எண்ணைப் போடலாமா என்று நினைத்தேன், பின்பக்கம் தகடு, இடம் இல்லை. சரி, கேட்கிறவர்களுக்கு வாயால் சொல்லிக்கொள்கிறேன்.

அப்புறம் பட்டியல் வளர்ந்தது. எனக்க. வெளம்பு. கொள்ளாம், அதாவது நல்லா இருக்கு. சாயா. மரச்சீனி, அதாவது மரவள்ளிக்கிழங்கு. மக்களே. இந்தக் கடைசிச் சொல்லை வெளியூர்க்காரர்களுக்கு விளக்க வேண்டியிருக்கும். எங்கள் பக்கம் ஒரே ஒரு பிள்ளையைக் கூப்பிடவும் மக்களே என்போம். மேடையில் ஆயிரம் பேரைப் பார்த்துச் சொல்கிற சொல்லை அடுப்படியில் நின்று ஒற்றைப் பிள்ளைக்குச் சொல்கிறோம். எனக்குப் பிடித்த பேட்ஜ் அது.

ஆனால் தமிழ் எழுத்தை வட்டத்துக்குள் வைப்பது லேசான வேலை இல்லை, டிடிபி தெரிந்த எனக்கே தடுக்கியது. மேல்தகடு குவிந்திருப்பதால் ஓரத்துக்குப் போகப்போக எழுத்து பின்னால் சாய்கிறது. 'கொள்ளாம்' என்று பெரிதாகப் போட்டால் முதலில் நிற்கிற கொம்பும் கடைசி ம்-இன் புள்ளியும் விளிம்புக்குப் போய்விடும், எதிரே நிற்கிறவர் 'காள்ளாம' என்று படிப்பார். 58இல் நடுவே இருக்கிற 48 மில்லிமீட்டருக்குள் எழுத்து எல்லாம் அடங்க வேண்டும் என்று நான் வைத்துக்கொண்டேன், பின்னணி நிறம் மட்டும் 70 வரைக்கும் போகட்டும். மெல்லிய கோடுள்ள எழுத்துரு வேண்டாம், படலத்தின் பளபளப்பில் கோடு காணாமல் போகும். இன்னொன்று, கோப்பை அப்படியே கொண்டுபோய் வேறு கணினியில் திறந்தால் எழுத்துரு இல்லாமல் கொம்பு தனியாக, புள்ளி வட்டத்தோடு தனியாக நிற்கும். வீட்டிலேயே எழுத்தைக் கோட்டு வடிவமாக மாற்றி, பிடிஎஃப் ஆக்கி எடுத்துப் போனால் இந்தத் தொல்லை இல்லை. இங்க்ஸ்கேப் என்கிற வடிவமைப்பு மென்பொருள் இலவசம், அதிலேயே எல்லாம் முடியும். அச்சடிப்பது லேசர் பிரிண்டராக இருந்தால் நல்லது, இங்க்ஜெட் மை எங்கள் ஊர் ஈரத்தில் காய நேரம் எடுக்கும், காயாமல் படலத்தைப் போட்டால் உள்ளே பூத்துவிடும்.

இந்த இடத்தில் மாமாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். சொந்த மாமா இல்லை, பட்டறையில் எல்லோருக்கும் மாமா. மார்த்தாண்டத்துக்காரர், அறுபது தாண்டியவர், மேசை ரம்பத்தில் தேன்பெட்டிக்குப் பலகை அறுக்க வருவார். 1920களில் மார்த்தாண்டம் ஒய்எம்சிஏ கிராமத்து ஆட்களுக்குத் தேனீ வளர்ப்பைச் சொல்லிக்கொடுத்ததிலிருந்து அந்தப் பக்கம் அது குடும்பத் தொழில் மாதிரி ஆகிவிட்டது, ரப்பர் பூக்காவிட்டாலும் அதன் கொழுந்து இலைக் காம்பில் ஊறுகிற தேனை ஈ எடுக்கும் என்பதெல்லாம் அவர் சொல்லித்தான் எனக்குத் தெரியும். ஒரு நாள் என் ஏ4 தாளை வாங்கிப் பார்த்தார். நான் 70 மில்லிமீட்டர் வட்டங்களை இரண்டு வரிசையாக, வரிசைக்கு நான்கு என்று எட்டு போட்டிருந்தேன். தாளின் அகலம் 210, மூன்று வரிசை போட்டால் சரியாக 210 ஆகிவிடும், பிரிண்டர் ஓரத்தில் விடுகிற இடம் போனால் வெட்டுப்படும். அதனால் எட்டுதான் முடியும் என்று நம்பிக்கொண்டிருந்தேன்.

"எதுக்கு மோளே இப்பிடி நேர்க்கு நேரா அடுக்குத? ஈ இப்பிடியா அடுக்குது?" என்றார். பென்சிலை வாங்கி, நடு வரிசையைப் பாதி வட்டம் கீழே தள்ளி வரைந்து காட்டினார். பள்ளத்துக்குள் மேடு போய் உட்காருகிறது. வீட்டில் அளந்து பார்த்தேன். மூன்று வரிசைக்கும் சேர்த்து அகலம் 191 மில்லிமீட்டர்தான் வருகிறது, உயரம் 280. ஓரங்களில் நான்கு நான்கு, நடுவில் மூன்று, மொத்தம் பதினொன்று. வட்டத்துக்கு வட்டம் ஒரு மில்லிமீட்டர் இடைவெளி விட்டாலும் அகலம் 193க்குள் நிற்கிறது. எட்டு போட்ட தாளில் பதினொன்று! நூறு பேட்ஜுக்குப் பதின்மூன்று தாள் ஆகிற இடத்தில் பத்துத் தாள்.

ஒரு சங்கடம் உண்டு. கைப்பிடி உள்ள பஞ்ச் வெட்டி வைத்திருப்பவர்கள் தாளைப் பட்டை பட்டையாக நறுக்கித்தான் உள்ளே விட முடியும், தேனடை அடுக்கில் பட்டை நறுக்கினால் நடு வரிசை வட்டம் கெட்டுப்போகும். நடுவில் ஊன்றிச் சுற்றுகிற பிளேடு வெட்டி என்றால் தாளை அப்படியே விரித்து வைத்து வெட்டலாம். எங்கள் பட்டறையில் இரண்டும் இருக்கின்றன, நான் சுற்றுகிற வெட்டிக்கு மாறிவிட்டேன். அடியில் ஒரு ரப்பர் பாய் போட்டுக்கொண்டால் கை வழுக்காது.

மே மாதம் எங்கள் ஊர் நூலகத்தில் விடுமுறைப் பிள்ளைகளுக்குப் படம் வரையும் வகுப்பு நடந்தது. நூலகர் என் சட்டையில் இருந்ததைப் பார்த்துவிட்டு, பிள்ளைகளுக்கும் செய்து காட்ட முடியுமா என்று கேட்டார். பிரஸ் பதினைந்து கிலோவாவது இருக்கும், தம்பியும் நானும் ஆட்டோவில் ஏற்றிக் கொண்டுபோனோம். வெற்று வட்டங்களை முந்தின ராத்திரியே வெட்டி வைத்துவிட்டேன், உள்ளே ஒரு பென்சில் கோடு, அதற்குள்தான் எழுத வேண்டும். வீட்டில் மட்டும் பேசுகிற ஒரு சொல்லை எழுதி, விருப்பமானால் படமும் போடுங்கள் என்று சொன்னேன். பத்து நிமிஷம் ஒருவரும் எழுதவில்லை. வீட்டில் பேசுகிற சொல் என்றால் எது என்று அவர்களுக்குப் புரியவில்லை, பள்ளிக்கூடத்தில் எழுதக் கூடாத சொல் என்று மாற்றிச் சொன்னதும் கடகடவென்று எழுத ஆரம்பித்தார்கள்.

ஒரு சின்னப் பெண் பூனையை வரைந்து அடியில் 'பூச்சை' என்று எழுதினாள். கடற்கரை ஊரிலிருந்து வந்த ஒரு பையன் தன் அப்பா வள்ளத்தில் சொல்கிற காற்றின் பெயரை எழுதினான், 'வாடை'. எத்தனை வகைக் காற்று என்று கேட்டதற்குக் கையை நீட்டித் திசை திசையாகக் காட்டிச் சொன்னான், சுற்றி நின்ற பிள்ளைகள் எல்லாம் வாயைத் திறந்து கேட்டுக்கொண்டு நின்றார்கள். பெரியவர்களில் ஒருவர் 'ஆக்கும்' என்று எழுதிக் கொடுத்தார், நாங்கள் எந்த வாக்கியத்தை முடித்தாலும் கடைசியில் வந்து உட்காருமே, அந்த ஆக்கும். கைப்பிடியை ஒவ்வொரு பிள்ளையும் தானே இறக்கியது. அந்தக் கை எல்லாம் ஒரே மாதிரி பதறும், இறக்கு இறக்கு என்று மற்ற பிள்ளைகள் கத்துவார்கள், நானும் தம்பியும் மாறி மாறி "பைய, பைய" என்று சொல்லிக்கொண்டிருந்தோம். 62 பேட்ஜ். மூன்றுதான் வீணானது, அதில் இரண்டு ஈரத்தில் ஒட்டிக்கொண்டிருந்த இரட்டைப் படலத்தால். படலத்தை எடுக்கும்போது ஓரத்தில் ஒரு ஊது ஊதிப் பிரித்துப் பார்க்க வேண்டும் என்பதை அன்றைக்குக் கற்றுக்கொண்டோம்.

சாயங்காலம் ஒரு ஆசிரியர் வந்தார், பெண்ணைக் கூட்டிப் போக. பிள்ளையின் சட்டையில் 'எனக்க' என்று இருப்பதைப் பார்த்து முகம் மாறிவிட்டது. "பரீட்சையில இப்படி எழுதினா மார்க் போகுமே, 'என்னுடைய'ன்னு சரியா எழுதச் சொல்லிக் கொடுக்கலாம்லா?" என்று என்னிடம் கேட்டார். மரியாதையாகத்தான் கேட்டார், அக்கறையில்தான் கேட்டார். பரீட்சைக்கு என்னுடைய என்றே எழுதட்டும் சார், அதை நீங்கள் சொல்லிக்கொடுங்கள், சட்டையில் இது இருக்கட்டும் என்றேன். இரண்டும் ஒரு பிள்ளையின் வாயில் இருக்கலாம், ஒன்று வர வேண்டுமென்றால் இன்னொன்று போக வேண்டும் என்று நான் நம்பிய ஏழு வருஷத்தில் எனக்கு ஒரு மார்க்கும் கூடவில்லை. அவர் ஒத்துக்கொண்டாரா என்று தெரியவில்லை. ஆனால் பேட்ஜைக் கழற்றச் சொல்லவில்லை. போகும்போது அந்தப் பெண் "அப்பா, இது எனக்க பேட்ஜாக்கும்" என்று சொன்னது வாசல் வரைக்கும் கேட்டது.

இனி ஒரு வருத்தமான விஷயம். முட்டத்தில் இருக்கிற என் சித்தி மகளுக்கு நாற்பது பேட்ஜ் செய்து கொடுத்தேன், அவள் வீட்டிலிருந்து கடல் இருநூறு அடி. ஜூன், ஜூலை மழை முடிந்து போய்ப் பார்த்தால், பாதிக்கு மேல் பின்பக்கம் சுற்றிலும் செம்பழுப்பு வளையம். ஒரு பையனின் வெள்ளைச் சட்டையில் ஊசி குத்திய இடத்தில் துருக்கறை, அவன் அம்மா அதைத் தேய்த்துத் தேய்த்துக் கை ஓய்ந்திருக்கிறாள். எனக்கு மனசே சரியில்லை, அந்தச் சட்டைக்குப் பதில் வேறு சட்டை வாங்கிக் கொடுத்துவிட்டு வந்தேன். தகடு வெள்ளீயப் பூச்சு உள்ள எஃகு, பூச்சு இருக்கிற இடம் தாங்கும், ஆனால் வெட்டின விளிம்பில் பூச்சு கிடையாது, உப்புக்காற்று அங்கேதான் பிடிக்கிறது. வலைத்தளங்களில் பேட்ஜ் செய்யச் சொல்லிக்கொடுப்பவர்கள் இதை ஏன் சொல்வதில்லை என்றால் அவர்கள் முட்டத்திலோ குளச்சலிலோ இல்லை.

இப்போது நாங்கள் செய்வது இதுதான். வாங்கின தகடுகளை மூடி இறுகின டப்பாவில், ஈரம் உறிஞ்சுகிற சிலிக்கா பொட்டலத்தோடு வைக்கிறோம். வியர்த்த கையால் விளிம்பைத் தொடாமல் துணியால் பிடித்து எடுக்கிறோம். கடலோரத்துக்குப் போகிற பேட்ஜ் என்றால் பின்பக்கம் பிளாஸ்டிக் உள்ள வகை, அதிலும் ஊசி எஃகுதான், ஆனால் சுற்றுவிளிம்பு உள்ளே மூடிப்போகிறது. ஊசியில் துளி தேங்காய் எண்ணெய் தொட்டுத் துடைத்தால் கொஞ்ச நாள் தாங்கும் என்று மாமா சொன்னார், செய்து பார்க்கிறேன், எண்ணெய் கூடினால் துணியில் படும். முட்டத்துக்கு இரண்டாவது தடவை கொடுத்த நாற்பதும் ஐப்பசி மழையைத் தாண்ட வேண்டும், அதற்குப் பிறகுதான் நம்பிக்கையாகச் சொல்ல முடியும்.

பொதுச் சாமானைப் பொறுத்தவரை எங்களிடம் பெரிய விதிகள் இல்லை. எடுத்த தகட்டை நோட்டில் எழுது, காசை டப்பாவில் போடு, 44 மில்லிமீட்டர் டையை மாட்டியிருந்தால் கழற்றி 58ஐ மாட்டிவிட்டுப் போ. இந்தக் கடைசி விதி வந்ததற்குக் காரணம் உண்டு, 44 டைக்குள் 58 தகட்டை வைத்து அழுத்தின நாள் ஒன்று இருக்கிறது, யார் என்று நாங்கள் யாரும் கேட்டுக்கொள்ளவில்லை. சாமான் செலவு, ஒரு பேட்ஜுக்கு ஒரு சாயாக் காசு கூட வருவதில்லை. தனியாக ஒரு பிரஸ் வாங்கி வீட்டில் வைத்திருந்தால் நான் நூறு பேட்ஜ் செய்திருப்பேன், ஆனால் என் தாளில் தேனடை வந்திருக்காது, டைக்குள் சிக்கின தகட்டை மரக்குச்சியால் எடுக்கத் தெரிந்திருக்காது. 'பைய' என்று யாரும் சொல்லியிருக்கவும் மாட்டார்கள்.

நவம்பர் 1க்கு ஒரு தொகுதி செய்யப் போகிறேன். தாலுகாவுக்குப் பத்துச் சொல், 1956இல் அந்த நாளில் சேர்ந்த நான்கு தாலுகாவுக்கு நாற்பது. அகஸ்தீஸ்வரத்துக்கும் கல்குளத்துக்கும் பத்து வந்துவிட்டது. தோவாளைக்கு ஆறு இருக்கிறது, அதில் மூன்று பூக்கட்டுகிறவர்களின் சொற்கள், சந்தையில் அதிகாலை போய் நின்று கேட்டு எழுதினேன். விளவங்கோட்டுக்கு நிறைய வருகிறது, மாமா ஒருவரே வாரத்துக்கு இரண்டு கொண்டு வருகிறார், ஆனால் எல்லாம் நீளச் சொல். ஐந்து எழுத்துக்குள் இருந்தால் பெரிதாகப் போடலாம், தூரத்தில் இருந்தும் படிக்கலாம்.

உங்கள் வீட்டில் பேசுகிற ஒரு சொல் இருந்தால் சொல்லுங்கள், அது எந்த ஊரில், யார் வாயில் கேட்டது என்பதையும் சேர்த்து. கோட்டாறு பக்கம் வந்தால் நேரில் வாருங்கள், சனிக்கிழமை மத்தியானம் மூன்று மணிக்கு மேல் பிரஸ் சும்மாதான் இருக்கும், வட்டம் நான் வெட்டி வைத்திருப்பேன், கைப்பிடியை நீங்கள் இறக்கலாம்.